கொல்லிமலையில் கோடைக்கால வனபோஜனம்: தீ, நீர், நேரம் ஆகியவற்றைக் காத்தல்

கோடை விடுமுறை தொடங்கியவுடன் சமவெளியின் வெப்பத்தைத் தாங்கமாட்டாத ஜனங்கள் மலைகளை நாடிச் செல்வது இயல்பு. நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், சித்திரை வைகாசி மாதங்களிலும் அங்கே சமவெளியைவிடக் குளிர்ச்சி மிகுந்திருக்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறும் குடும்பங்கள் அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடி, மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டு மாலையில் திரும்புகின்றன. மாசிப் பெரியசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கிடாவும் கோழியும் கொண்டு செல்கின்றனர். ஆடிப் பதினெட்டையொட்டி நடைபெறும் வல்வில் ஓரி விழாவின்போது கூட்டம் இன்னும் பெருகும்.

கூடிச் சமைத்து உண்பது நமக்குப் புதிய வழக்கமன்று. கூட்டாஞ்சோறு ஆக்கி உண்ணாத பிள்ளைப் பருவம் கிராமத்தில் இல்லை. ஆயினும் வீட்டு அடுக்களையில் நமக்கு இயல்பாக அமைந்துள்ள மூன்று காப்புகள் திறந்த வெளியில் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டில் தீ சுவருக்குள் அடங்கியிருக்கிறது. நீர் நாம் அறிந்த நீராக இருக்கிறது. உணவு ஆக்கிய சிறிது நேரத்தில் இலைக்கு வந்துவிடுகிறது. இவற்றுக்கும் மேலாக, வீட்டில் அடுப்புக்குப் பொறுப்பானவர் இன்னார் என்பது யாவருக்கும் தெரியும். நாற்பது பேர் கூடிய மரத்தடியிலோ, மற்றொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகின்றனர். வனபோஜனத்தில் நேரும் தீங்குகளிற் பெரும்பாலானவை இந்தக் கவனக்குறைவிலிருந்தே பிறக்கின்றன.

தீயைக் காத்தல்

கோடையில் மலைப்புல்லும் உதிர்ந்த சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பஞ்சுபோல் உலர்ந்து கிடக்கும். சரிவில் பற்றிய தீ, தனக்கு மேலுள்ள புல்லைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்திக்கொண்டு மேல்நோக்கி விரைந்து ஏறும் இயல்புடையது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் திடகாத்திரமான வாலிபர்கள். சரிவிலே காற்றோடு வரும் தீயை ஓடி வெல்ல இயலாது என்பதற்கு இத்துயரச் சம்பவம் ஒன்றே போதிய சான்றாகும். ஆகவே தீயை மூளவிடாமற் காப்பதே காப்பு.

ரிசர்வ் காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றமாகும். சமையலுக்கென அனுமதிக்கப்பட்ட இடத்தை வனத்துறையாரிடமோ ஊராரிடமோ முன்னரே கேட்டறிந்து அங்கேயே அடுப்பு வைக்க வேண்டும். அடுப்பைச் சுற்றி நாற்புறமும் குறைந்தது மூன்று மீட்டர் தூரத்துக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி வெறும் மண் தெரியச் செய்தல் அவசியம். தலைக்கு மேல் தாழ்ந்த கிளை இருத்தலாகாது. காற்று பலமாக வீசும் நாளில் விறகு அடுப்பை மூட்டாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவோடு திருப்தியடைவதே விவேகம்.

அடுப்புக் கூட்டுவதற்கு ஆற்றங்கரைக் கல்லை எடுத்து வைப்பது பலரிடம் காணப்படும் பழக்கம். நீரில் ஊறிய கல்லினுள் தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கல்லையே வெடிக்கச் செய்யும். சில்லு கண்ணிற் பட்டால் பார்வை கெடும். மேட்டு நிலத்து உலர்ந்த கல்லையே எடுக்க வேண்டும். எரியும் அடுப்பில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுதல் கூடவே கூடாது. நைலான் முதலிய செயற்கை நூலாடைகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளுமாதலால், அடுப்பருகே நிற்போர் பருத்தி உடுத்தி முந்தானையை இறுகச் செருகிக்கொள்ளல் நலம்.

விறகு பொறுக்குவதிலும் எச்சரிக்கை தேவை. குவிந்த சருகிலும் கற்பொந்திலும் பாம்பு தங்கியிருக்கக்கூடும்; முதலில் கோலால் கிளறிப் பின்னரே கை வைக்க வேண்டும். அரளிக் குச்சியை விறகாகவோ கிளறுகோலாகவோ உபயோகித்தல் ஆகாது. அச்செடி முழுவதும் நஞ்சு.

அடுப்பு மூட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதும் இன்றியமையாதது. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகடுகளிலும் மலைத்தேனீக்கள் கூடு கட்டித் தொங்கும். புகை எட்டினால் அவை கூட்டமாகச் சீறி வரும். அவ்வாறு வந்துவிட்டால் கைகளை வீசாமல், துணியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ ஓட வேண்டும். நீரில் குதிப்பதாற் பயனில்லை. தலை வெளிப்படும்வரை அவை காத்திருக்கும்.

அடுப்பை அணைப்பதிலேதான் பெரும்பிழை நேர்கிறது. தணலின்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு வண்டியேறுவோர் பலர். மண் மூடிய தணல் பல மணி நேரம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலே ஆறியதுபோற் தோன்றும் அந்த இடத்தில், பின்னர் வரும் பிள்ளையொன்று வெறுங்காலை வைத்து வெந்துபோகும். அல்லது இரவுக் காற்று அதைக் கிளப்பிச் சருகில் சேர்க்கும். நீரை ஊற்றி, கோலால் கிளறி, மறுபடியும் ஊற்றிப் புறங்கையை அருகே நீட்டிப் பார்க்கையில் சூடு தெரியாதவரை அணைத்ததாகக் கொள்ளலாகாது. இதற்கென இரண்டு வாளி நீர் சமையல் தொடங்குமுன்பே அடுப்பருகே இருத்தல் வேண்டும்.

நீரைக் காத்தல்

மலையில் ஓடும் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதைக் கண்டு அது தூயது என்று நம்புதல் தவறு. ஓடையின் மேற்பகுதியில் மனிதரும் கால்நடையும் இழைத்த அசுத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடிப்பதற்கும், இலை கழுவுவதற்கும், மோர் நீர்மோராக்குவதற்கும் காய்ச்சிய நீரையோ வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரையோதான் கொள்ள வேண்டும். கொல்லிமலையின் உயரத்தில் நீரைக் குமிழியிட்டு ஒரு நிமிஷம் கொதிக்க விட்டால் நோய்க்கிருமிகள் மடியும். விழாக் கூட்டத்துக்குப் பெருந்தொட்டியில் நீர் நிரப்புவதாயின், தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம் வீதம் கரைத்து, தெளியவைத்த மேல்நீரைத் தொட்டியில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே வழங்க வேண்டும். அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் உறுதி செய்துகொள்ளல் உத்தமம்.

நீராடுமிடத்திலும் ஓர் அபாயம் உண்டு. அருவியடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே எங்கேனும் கோடைமழை பெய்திருக்கலாம். நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல் ஆகிய மூன்றில் ஒன்று காணப்பட்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும். சமையல் வேலையில் பெரியவர்கள் மூழ்கியிருக்கையில் பிள்ளைகள் மட்டும் நீர்நிலைக்குச் செல்லவிடுதல் ஒருபோதும் தகாது. மது அருந்தியவர் நீரில் இறங்குவது மரணத்தை அழைப்பதற்கொப்பாகும்.

நேரத்தைக் காத்தல்

வனபோஜனத்துக்குச் சென்று திரும்பியோர் மறுநாள் வயிற்றுப்போக்கினால் வருந்தினால், எண்ணெயையும் மலைக்காற்றையும் குறை கூறுவர். உண்மைக் காரணம் பெரும்பாலும் நேரமே. உணவைக் கெடுக்கும் கிருமிகள் 5 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள வெப்பத்தில் பெருகுகின்றன. வெந்து இறக்கிய உணவை அந்நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை.

ஒரு குழுவின் நாள் எவ்வாறு கழிகிறதென்று கணக்கிட்டுப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். காலை 6 மணிக்குச் சமவெளியில் வாங்கிய இறைச்சி, வண்டியின் பின்புறத்தில் பைக்குள் வெந்து, தரிசனமும் நீராட்டமும் முடிந்து நண்பகல் 12 மணிக்கு அடுப்பேறுகிறது. ஆறு மணி நேரம் அது வெப்பத்தில் இருந்துவிட்டது. 2 மணிக்குப் பந்தி. மிஞ்சிய சோறும் குழம்பும் பாத்திரத்தில் மூடப்பட்டு, இரவு 8 மணிக்கு வீட்டில் மறுபடியும் சூடாக்கப்பட்டு உண்ணப்படுகின்றன. சூடாக்கினால் குற்றம் நீங்கும் என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. சோற்றிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் மாய்வதில்லை. சோறு ஆறிக் கிடக்கையில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்குவதால் அழிவதுமில்லை. கையில் புண்ணோ கொப்புளமோ உள்ளவர் பரிமாறிய உணவிலும் இவ்வாறே நஞ்சு விளையக்கூடும்.

ஆகையால் இறைச்சியைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவரவேண்டும். இயலாவிடில் சமைக்கும் நேரத்தையொட்டி மலையிலேயே வாங்க வேண்டும். பச்சை இறைச்சி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கக் கூடாது. தலைகளை எண்ணி அளவாக ஆக்க வேண்டும். மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போவதில் லாபமில்லை. கட்டுச்சோறு கொண்டுவருவோர்க்குப் புளியோதரை ஏற்றது. புளிப்பு கிருமிகளின் பெருக்கத்தைச் சற்றுத் தடுக்கும். தேங்காய்ச் சட்னி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு முதலியன விரைவிற் கெடும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பையோ தயிரையோ வைத்தால் செம்பு கரைந்து வாந்தியுண்டாகும்.

மலையில் சமைப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சமவெளியில் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 1,200 மீட்டர் உயரத்தில் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் இறைச்சியும் வேக அதிக நேரம் பிடிக்கும். வீட்டு வழக்கப்படி நேரம் பார்த்து இறக்கினால் கோழி எலும்பருகே சிவந்தே இருக்கும். அரிந்து பார்த்து, உள்ளே நிறம் மாறி, வடியும் சாறு தெளிந்த பின்னரே இறக்க வேண்டும்.

காட்டில் கண்ட காளானையும் கிழங்கையும் சமையலில் சேர்த்தல் ஆகாது. கண்வலிக்கிழங்கு என்னும் செங்காந்தளின் கிழங்கு உண்ணுங் கிழங்குபோல் தோன்றும். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

அவசர உதவி

கொல்லிமலையில் நேரும் விபத்தின் கடுமையைத் தூரமே மிகுவிக்கிறது. மேற்சிகிச்சை வேண்டுமாயின் அத்தனை வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். ஆதலால் முதலுதவியை யாவரும் அறிந்திருத்தல் கடமை.

தீப்புண்: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்டி, மோதிரம் வளையல்களைக் கழற்றி, சுத்தமான துணியால் தளர்வாக மூடவும். மை, மாவு, பற்பசை, நெய், பனிக்கட்டி எதுவும் கூடாது. ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையிற் படுத்துப் புரள வேண்டும்.

வாந்தி, பேதி: உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் வைத்திருக்கவும். இல்லாவிடில் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை தலைதட்டிய ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் கரைத்து அடிக்கடி பருகச் செய்யவும். சிறுநீர் குன்றினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பிள்ளை சோர்ந்து மயங்கினாலும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லவும்.

பாம்புக்கடி: கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் தீங்கு விளைக்கும்.

இடி, மின்னல்: தனிமரத்தடியை விட்டு நீங்கிக் கட்டடத்திலோ மூடிய வண்டியிலோ ஒதுங்கவும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை வெளியே வரலாகாது.

ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். மலையிற் சில இடங்களில் தொலைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை. எங்கே கிடைக்கும் என்பதை வந்தவுடனே அறிந்துவைப்பது நல்லது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனியொரு குடும்பத்துக்குச் செலவாகத் தோன்றுவது சங்கமாகச் சேர்ந்தோர்க்கு எளிது. மூடியும் குழாயும் உள்ள தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று, வாளி நான்கு, மண்வெட்டி ஒன்று, பனிக்கட்டிப் பெட்டி ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று ஆகியவற்றைச் சங்கப் பொதுநிதியில் வாங்கி வைத்து, விழாவுக்கும் விடுமுறைக்கும் செல்லும் அங்கத்தினர்க்குச் சிறு வாடகைக்கு வழங்கலாம். சில ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும்.

சாமான்களைவிட முக்கியமானது பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தல். புறப்படுமுன்னரே நான்கு பேரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். ஒருவர் அடுப்பு மூட்டியது முதல் அணைத்துக் கைநீட்டிப் பார்க்கும்வரை தீக்குப் பொறுப்பு. ஒருவர் குடிநீருக்குப் பொறுப்பு. ஒருவர் உணவு இறக்கிய மணியைக் குறித்துவைத்து, எல்லை கடந்ததை வழங்காமல் தடுக்கப் பொறுப்பு. ஒருவர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்கப் பொறுப்பு. வண்டியோட்டி இவற்றில் எதையும் ஏற்காமல் உண்டபின் ஓய்வெடுத்து, இறங்கும்போது தாழ்ந்த கியரில் ஓட்ட வேண்டும்.

கொல்லிமலைச் சங்கங்களின் அங்கத்தினர்க்கு இவ்விஷயம் இரட்டிப்பு முக்கியமானது. விருந்தினர் மாலையில் இறங்கிப் போய்விடுவர். அவர்கள் விட்டுச்சென்ற தணல் பற்றினால் எரிவது இம்மலையாரின் மேய்ச்சல் நிலமும் மிளகுக் கொடியும் பலாமரமுமே. வருவோர்க்கு அடுப்பு வைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும், காய்ச்சிய நீரையும் உலர்ந்த விறகையும் நியாய விலைக்கு விற்பதும், புறப்படுமுன் அணைத்த அடுப்பைப் பார்வையிடுவதும் சங்கத்துக்கு வருமானமும் மலைக்குக் காவலுமாகும். வரும் பொதுச்சபைக் கூட்டத்திலேயே இதைப் பற்றி ஆலோசித்து, கோடை முற்றுமுன் ஏற்பாடுகளைச் செய்துகொள்வது சாலச் சிறந்தது.