பைரவரின் வாகனத்திற்கு ஒரு தொண்டு

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் அருள்பாலிக்கும் காலபைரவரைத் தேய்பிறை அஷ்டமியன்று வணங்கும் நாம், அவருடைய வாகனத்தை வீதியில் கண்டால் உணவிடுவதோடு நின்றுவிடலாகாது. தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் தேவை. சென்னை புளூ கிராஸ் 1964-லேயே இப்பணியைத் தொடங்கியது.

நாயைப் பிடிப்பது தனியொருவர் செயலன்று. நாள்தோறும் உணவிடுபவர் அழைக்க, இருவர் அமைதியாக வழிமறிக்க, பயிற்சி பெற்றவர் வலை வீசவேண்டும். துரத்தினால், அஞ்சிய நாய் கடிக்கும். சிகிச்சைக்குப்பின் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு விதி.

முதியோர் வலையேந்த வேண்டா. பழகிய குரலால் நாயை அமைதிப்படுத்தினாலே போதும். எவரேனும் கடிபட்டால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது.