யாருடைய ஊழியம்?

பக்தி மிகுந்தவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. கடவுளை மறப்பதன்று அது. கடவுளின் பெயரால் தாம் தொடங்கிய காரியத்தையே கடவுளின் ஸ்தானத்தில் வைத்துவிடுவது. இறைவனுக்கென்று ஆரம்பித்த கைங்கரியம் நாளடைவில் ‘எனது கைங்கரியம்’ ஆகிவிடுகிறது. கோயில் தர்மகர்த்தாக்களும் இதை அறிவார்கள். கிறிஸ்தவ சபையாரும் அறிவார்கள். விசுவாசியின் வாழ்வுக்கு நடுநாயகம் இறைவனேயன்றி மனிதனுடைய விருப்பமும் பெருமையும் அல்ல என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை. சொல்வதற்கு இது எளிது. நடத்திக் காட்டிய ஒருவரை வேலூரின் சரித்திரத்தில் காண்கிறோம்.

டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் 1819-லேயே அமெரிக்காவிலிருந்து வைத்திய ஊழியராகக் கீழ்த்திசைக்குப் புறப்பட்டவர். குடும்பத்தில் பலர் அதே வழியில் சென்றனர். ஐடாவுக்கு மட்டும் அதில் விருப்பமில்லை. அமெரிக்காவில் சுகமாக வாழவே எண்ணினார். தாயாரின் தேக அசௌக்கியத்தை முன்னிட்டுத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியரைக் காக்க வேண்டி அவரை அழைத்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு ஹிந்து. ஐடாவின் தந்தை வைத்தியர். ஆயினும் அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொடுவதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். அன்றே ஐடாவின் சொந்தத் திட்டம் கலைந்தது.

1899-ல் கார்னெல் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ல் இந்தியா திரும்பினார். 1902-ல் வேலூரில் நாற்பது படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. குடியாத்தம் சாலையோரத்து மரநிழலிலே கிராம ஜனங்களுக்குச் சிகிச்சை செய்தார். 1918-ல் மாதருக்கென்றே வைத்தியப் பள்ளியைத் திறந்தார். முதலாண்டிலேயே 151 பெண்கள் விண்ணப்பித்தனர்.

உண்மையான சோதனை பிற்பாடுதான் வந்தது. பழைய டிப்ளமா படிப்புப் போதாது, சர்வகலாசாலைப் பட்டப் படிப்பே வேண்டும் என்று 1938-ல் சென்னை அரசாங்கம் தீர்மானித்தது. அதற்கேற்பப் புதிய கட்டிடங்கள், கருவிகள், ஆசிரியர்கள் என யாவும் வேண்டியிருந்தன. பெண்களின் பள்ளியாக மட்டும் தனித்து நின்று இவ்வளவு பணமும் பக்க பலமும் திரட்டுவது கடினம். பல சபைகள் ஒன்று கூடி, ஆண்களும் பெண்களும் பயிலும் கல்லூரியாக அதை மாற்றலாம் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென்று பாடுபட்டு நிதி சேர்த்துத் தந்த அமெரிக்க மாதர் சிலர் இதைப் பலமாக எதிர்த்தனர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆண்கள் நுழைந்த இடத்தில் பெண்கள் ஒதுக்கப்பட்ட கதை உலகில் ஏராளம். எனினும், அறுபத்தேழு வயதைக் கடந்திருந்த டாக்டர் ஐடா முடிவில் மாறுதலுக்கு இசைந்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு ஆரம்பமாயிற்று, 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர்.

தமது சித்திரம் சிதையாமலிருப்பதே பெரிதென்று அவர் கருதியிருந்தால், பள்ளி மூடப்பட்டிருக்கலாம். கொள்கையில் உறுதி மிக்கவர் என்ற புகழும் அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் பிரசவ வேதனையில் தவிக்கும் ஏழைப் பெண்ணுக்கு அந்தப் புகழால் என்ன பயன்?

1946-ல் அவர் ஓய்வு பெற்றார். 1948-ல் நம் நாட்டுப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் கல்லூரியின் தலைமையை ஏற்றார். அந்நியர் தொடங்கியதை நம்மவர் நடத்தலாயினர். டாக்டர் ஐடா கொடைக்கானலில் வாழ்ந்து 1960-ல் காலமானார். இராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலாளிகளும், வங்காளத்திலிருந்து ரயிலேறி வருவோரும் இன்றும் அந்த ஆஸ்பத்திரியின் வாசலை நாடுகிறார்கள்.

நம் ஊர்களில் சங்கங்கள், பள்ளிகள், அன்னதான சபைகள் எத்தனையோ இருக்கின்றன. ஸ்தாபகர் கையை விட்டுப் போகக்கூடாதென்ற பிடிவாதத்தாலேயே அவற்றில் பல நலிகின்றன. பணி இறைவனுடையதென்று வாயால் சொல்லுவோர், அது தம் எண்ணத்துக்கு மாறாக வளரும் நாளிலும் அவ்வாறே சொல்ல வேண்டும். அன்றுதான் பக்தியின் தரம் தெரியும்.