நடந்து வருபவரும் சிவப்புதான்

பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்கும் இடத்துக்கு வரும் ஆம்புலன்ஸ் ஊழியர், யாரையும் தூக்குவதற்கு முன் ஆட்களைத் தரம் பிரிப்பார். மூச்சு, நாடி, நினைவு மூன்றையும் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்பார். முதலில் கவனிக்க வேண்டியவர் சிவப்பு. எழுந்து நடப்பவர் பச்சை; அவர் காத்திருக்கலாம். திண்டிவனம் நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். கள்ளச்சாராயத்தில் பலிக்காது.

காரணம் மெத்தனால். குடித்தவுடன் அது வெறும் போதைதான். கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக்கிய பிறகே உயிருக்கு ஆபத்து. அதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே வழக்கமான மதுவும் உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். இடையில் மனிதர் எழுந்து டீ குடிப்பார், வேலைக்கும் போவார். “தெளிஞ்சிடுச்சு” என்று வீட்டில் சொல்வது அந்த நேரத்தில்தான். பிறகு வயிற்றுவலி, வாந்தி, கண்ணில் மங்கல், மேல்மூச்சு. அமிலம் பார்வை நரம்பைத் தின்றுவிட்டால், பிழைத்தவருக்கும் பார்வை திரும்பாமல் போகலாம்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மீனவக் குடும்பங்கள் இதைப் பார்த்தன. விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் இறந்தனர். பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும். 200-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், 60-க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்றே அதிகாரிகள் தொடக்கத்தில் சொன்னார்கள். அந்தச் சில மணி நேரத்தில் எத்தனை பேர் வீட்டில் படுத்தபடி தெளியக் காத்திருந்தார்களோ.

கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் ஆம்புலன்ஸ்கள் விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் சேலத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடின. ஜிப்மர் 100 கிலோமீட்டருக்கு மேல். அமிலம் ஏறியவருக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் வேண்டும். ஒரு இயந்திரம் ஒரு நோயாளியைப் பல மணி நேரம் பிடித்துக்கொள்ளும். அதனால் அருகில் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று கேட்பதோடு நிறுத்த முடியாது. டயாலிசிஸ் இயந்திரம் காலியாக இருப்பது எங்கே என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கே அனுப்புவது என்று 108 கட்டுப்பாட்டு அறை தீர்மானிக்க, குடித்தது கள்ளச்சாராயம் என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவல் கிராமத்திலிருந்துதான் போக வேண்டும். போலீசுக்குப் பயந்து பெரும்பாலும் மறைக்கப்படுவதும் அதுதான். “வாந்தி, மயக்கம்” என்று மட்டும் சொன்னால் ஒரு வண்டி வரும், வயிற்றுப்போக்காக நினைத்து.

முகையூர் ஒன்றியத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, மறுபக்கம் முண்டியம்பாக்கம், இரண்டும் தூரம்தான். இங்கே ஒரு ஊரில் இது நடந்தால் போனில் சொல்ல வேண்டியவை குறைவு: சாராயம் குடித்தார்கள், இத்தனை பேர், இத்தனை மணிக்கு, இத்தனை பேருக்குக் கண் மங்குகிறது. இந்தக் கடைசி எண்ணிக்கைதான் சிவப்பு. அவர்கள் நடந்து வந்து வண்டியில் ஏறினாலும் சிவப்பே. மீதிச் சாராயப் பாக்கெட் இருந்தால் கொட்டிவிடாமல் வண்டியோடு அனுப்புங்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து நேரம் கடத்த வேண்டாம். மெத்தனாலுக்கு அவை மருந்தல்ல.

வண்டி புறப்பட்ட பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதே பாக்கெட்டைப் பங்கு போட்டவர்கள் யார் யார் என்று தெருவில் கேட்டு, தூங்கிக்கொண்டிருப்பவரையும் தட்டி எழுப்பி, கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.