நூலோடு வந்தவர்கள்



சமூக அறிவியல் பாடத்தில் 'இடப்பெயர்வு' என்று வந்தால் நாம் அதை ஒரு கேள்வி-பதிலாகத்தான் படிக்கிறோம். இரண்டு மதிப்பெண், நான்கு வரி, முடிந்தது. ஆனால் அந்த இடப்பெயர்வை நேரில் பார்க்கணும்னா டவுன் பஸ் ஏறி மதுரைக்குப் போய், விளக்குத்தூண் பக்கமும் மஹால் தெருக்கள் பக்கமும் ஒரு சுற்று நடந்தால் போதும். கடையில் நம்மிடம் மதுரைத் தமிழில் "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்பவர், உள்ளே திரும்பி வீட்டு ஆளிடம் வேறு ஒரு மொழியில் பேசுவார். இந்தி மாதிரி இருக்கும், ஆனால் இந்தி இல்லை. நடுவில் தெலுங்கு மாதிரி ஒரு சொல் வரும், அப்புறம் சுத்தமான தமிழ்ச் சொல் ஒன்று வரும். அதுதான் சௌராஷ்டிர மொழி.

இவர்களுக்குப் பழைய பெயர் பட்டுநூல்காரர். பட்டு நெய்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். குஜராத்தில் கடற்கரை ஓரம் இருக்கும் பகுதிக்குத்தான் சௌராஷ்டிரம் என்று பெயர், சோமநாதர் கோயில் இருக்கும் இடம். கஜினி முகமது அந்தக் கோயிலைத் தாக்கியது 1026 வாக்கில். அதற்குப் பிறகு அங்கிருந்து கிளம்பினோம் என்று சௌராஷ்டிரப் பெரியவர்கள் சொல்வார்கள். நேராக மதுரைக்கு வந்துவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் தேவகிரி, பிறகு கர்நாடகத்தில் விஜயநகரம் என்று தலைமுறை தலைமுறையாகத் தங்கித் தங்கி வந்தார்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. நெய்த பட்டை வாங்க அரண்மனை இல்லாத ஊரில் நெசவுக்காரர் என்ன செய்வார்? தெற்கே நகர்ந்தார்கள்.

தெற்கே யார் இருந்தார்கள் என்றால், நாயக்கர்கள். 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் காலத்தில் தொடங்கிய ஆட்சி அது. அதில் திருமலை நாயக்கர் (1623 முதல் 1659 வரை) திருச்சியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றினார். 1636இல் மஹால் கட்டினார். 1645இல் வண்டியூர் தெப்பக்குளம் வெட்டினார். புதுத் தலைநகர் என்றால் சும்மாவா? அரண்மனைக்குப் பட்டு வேண்டும், கோயிலுக்குப் பட்டு வேண்டும், திருவிழாவுக்கு வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும். அதனால் பட்டுநூல்காரர்களுக்கு மஹாலை ஒட்டியே குடியிருக்க இடம் கிடைத்தது. இன்றைக்கும் அவர்கள் தெருக்கள் மஹாலைச் சுற்றி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மறுபடியும் திருச்சிக்கே கொண்டு போனார். மஹாலின் பெரும் பகுதியைப் பிரித்துக் கல்லும் மரமுமாக எடுத்துப் போய்விட்டார். நாம் சுற்றுலாவில் போய் அண்ணாந்து பார்த்தோமே, அது பழைய மஹாலில் நாலில் ஒரு பங்குதானாம்! 1736இல் நாயக்கர் ஆட்சியே முடிந்தது. கூப்பிட்ட ராஜாவும் போயாச்சு, மஹாலும் முக்கால்வாசி போயாச்சு. நெசவுக்காரர்கள் மட்டும் போகவில்லை.

வந்தவர்களுக்கு எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ராணி மங்கம்மாள் காலத்தில், இவர்கள் ஆவணி அவிட்டத்தன்று பூணூல் போடலாமா கூடாதா என்று பெரிய வழக்கே நடந்திருக்கிறது. ராணி படித்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, போடலாம் என்று ஓலையில் எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்தவர்கள் தங்கள் வழக்கத்தைத் தொடரக்கூட ராணி வரைக்கும் போக வேண்டியிருந்தது!

சரி, இவர்கள் வந்த வழி நமக்கு எப்படித் தெரியும்? இரண்டு சாட்சி இருக்கிறது. முதல் சாட்சி மொழி. மூன்று, நான்கு, ஐந்து என்பதை அவர்கள் தீன், சார், பாஞ்ச் என்பார்கள். தண்ணீரைப் பாணி என்பார்கள். இதெல்லாம் வடக்கே இருந்து வந்தது. ஆனால் அதே பேச்சில் மராத்திச் சொல் உண்டு, கன்னடச் சொல் உண்டு, தெலுங்குச் சொல் ஏராளம், தமிழ்ச் சொல்லும் ஏராளம். எங்கெங்கே தங்கினார்களோ அங்கங்கே கொஞ்சம் சொல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி!

இரண்டாவது சாட்சி சுங்குடிச் சேலை. எங்கள் தெருவில் ஒரு அக்கா கூலிக்குச் சுங்குடி முடிச்சுப் போடுகிறார். நான் சனி ஞாயிறுகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து, புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, அதில் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடணும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. விரல் நுனி காய்த்துப் போயிருக்கும். பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று அவிழும். உள்ளே வெள்ளை வட்டம் வட்டமாக, கோலப் புள்ளி மாதிரி வரும். குஜராத்தில் இதே மாதிரி துணியைக் கட்டிச் சாயம் போடுவதைப் பாந்தினி என்கிறார்கள். அங்கே பாந்தினி, இங்கே சுங்குடி, வித்தை ஒன்றுதான். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. (கடையில் விற்கும் எல்லாச் சுங்குடியும் முடிச்சுச் சுங்குடி இல்லை. மெழுகு அச்சு வைத்துப் புள்ளி போட்டதுதான் அதிகம். தொட்டுப் பாருங்கள், முடிச்சுப் போட்டதில் துணி சின்னச் சின்னதாக மேலே எழும்பி நிற்கும்.)

இப்போது கொஞ்ச நேரம் ஐரோப்பாவுக்குப் போய் வருவோம். காரணம், கிட்டத்தட்ட இதே காலத்தில் அங்கேயும் பட்டு நெசவுக்காரர்கள் ஊர் விட்டு ஊர் போனார்கள்!

பிரான்சு நாட்டில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட் மக்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்கு ஹியூகனாட் என்று பெயர். 1598இல் ஒரு ராஜா இவர்கள் தங்கள் முறைப்படி வழிபடலாம் என்று ஆணை கொடுத்தார். 1685இல் பதினான்காம் லூயி அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார். நாட்டை விட்டு ஓடவும் கூடாது, பிடிபட்டால் ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அப்படியும் சுமார் 2 லட்சம் பேர் தப்பித்துப் போனார்கள். ஜெர்மனியில் பிராண்டன்பர்க் என்ற நாட்டை ஆண்டவர் அதே 1685இல் "எங்கள் நாட்டுக்கு வாருங்கள்" என்று அறிக்கை விட்டே அழைத்தார். தொழில் தெரிந்தவர்கள் வந்தால் நாட்டுக்கு லாபம் என்பது திருமலை நாயக்கருக்கு மட்டுமா தெரியும்?

அதில் சுமார் 50,000 பேர் இங்கிலாந்துக்குப் போனார்கள். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் பட்டு நெசவுக்காரர்கள் குடியேறினார்கள். வெளிச்சம் வேண்டும் என்று மேல்மாடியில் பெரிய பெரிய ஜன்னல் வைத்துத் தறி போட்டார்கள். நம் ஊரில் தரையில் குழி வெட்டிக் குழித்தறி போட்டார்கள், அங்கே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். உள்ளூர் நெசவுக்காரர்களில் சிலர் "எங்கள் பிழைப்பில் மண்" என்று சண்டைக்கும் வந்தார்கள். இங்கிலீஷில் அகதியைக் குறிக்கும் 'ரெஃப்யூஜி' என்ற சொல்லே இவர்களால்தான் அந்த மொழிக்குள் வந்தது என்கிறார்கள்.

1743இல் அவர்கள் அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். பிறகு வேறு ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் அதை வைத்துக்கொண்டார்கள். 1898இல் அதுவே யூதர்களின் ஜெபக்கூடம் ஆனது. 1976இல் வங்காளதேசத்து மக்களின் பள்ளிவாசல் ஆனது. ஒரே கட்டடம்! யார் யார் புதிதாக வந்தார்களோ அவர்கள் கைக்கு அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

ஆனால் அந்தப் பிரெஞ்சு நெசவுக்காரர்களின் பேரன் பேத்திகள் என்ன ஆனார்கள்? இங்கிலீஷ்காரர்கள் ஆகிவிட்டார்கள். சில தலைமுறையில் பிரெஞ்சுப் பேச்சு போய்விட்டது, குடும்பப் பெயர் மட்டும் மிச்சம். 1860இல் பிரெஞ்சுப் பட்டு வரியில்லாமல் வரலாம் என்று ஒப்பந்தம் போட்டார்கள், அதோடு அந்தத் தெருக்களின் தறியும் அடங்கிவிட்டது.

நம் மதுரையில் அப்படி ஆகவில்லை. மஹால் கட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் 380 வருஷத்துக்கு மேல். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் 15 தலைமுறை. அத்தனை தலைமுறையும் வீட்டில் அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டே, வெளியில் தமிழும் பேசியிருக்கிறார்கள். டி.எம்.சௌந்தரராஜன் பாட்டைக் கேட்காத வீடு இங்கே உண்டா? தமிழ் உச்சரிப்புக்கே உதாரணம் காட்டும் அவருக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம்தான். 1962இல் மதுரையின் எம்.பி. ஆன, 'மதுரை காந்தி' என்று மக்கள் அழைத்த என்.எம்.ஆர். சுப்பராமனும் அந்தச் சமூகம்தான். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843 - 1914) சௌராஷ்டிரத்திலும் பாட்டு எழுதினார், தமிழிலும் எழுதினார். அழகர்கோயில் போகும் வழியில் காதக்கிணற்றில் அவருடைய சமாதி இருக்கிறது.

ஏன் இங்கே மொழி நிலைத்தது? நான் யோசித்துப் பார்த்ததில், தறிதான் காரணம் என்று தோன்றுகிறது. நெசவு ஒருவர் செய்யும் வேலை இல்லை. நூல் இழைக்க ஒருவர், பாவு போட நாலு பேர், சாயம் போட ஒரு வீடு, முடிச்சுப் போடப் பெண்கள். வேலைக்காக எல்லோரும் ஒரே தெருவில் இருந்தார்கள். ஒரே தெருவில் இருந்ததால் அதே பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது, தறிச் சத்தத்தோடு சேர்ந்து வந்தது.

அந்தத் தறிகள்தான் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. விசைத்தறி வந்தது, கூலி கட்டவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே, நம் பக்கத்துக்கெல்லாம் குடி வருகிறார்கள். இங்கே விளையாடப் போனால் எல்லாரும் தமிழ். வீட்டுக்குள் ஆத்தா மட்டும்தான் பேச ஆள். சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்தே உண்டு. டி.எம். ராமராய் என்பவர் 1800களின் கடைசியில் அந்த எழுத்தில் பாடப்புத்தகங்கள் அச்சடித்தார். 2008இல் கணினியில் பயன்படுத்த யூனிகோடிலும் அந்த எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர்தான். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 2.5 லட்சம் பேர்.

இதை நான் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன் தெரியுமா? எங்கள் வீட்டிலும் தமிழ் இல்லை, தெலுங்கு. நம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாயக்கர் ஆட்சியோடு தெலுங்கு பேசும் குடியானவர்கள் திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள், நாங்கள் அந்த வழி. கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' அப்படிப்பட்ட ஒரு குடியேற்றத்தின் கதைதான். என் அப்பத்தா தண்ணியை நீளு என்பார். நான் வீட்டில் புரிந்துகொள்வேன், பதில் தமிழில்தான் வரும். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெரியவர் சொந்த ஊர் எது என்று கேட்டார். ஊர்ப் பேரைச் சொன்னேன். "அது இல்லம்மா, அதுக்கு முன்னாடி?" என்றார். அதுக்கு முன்னாடி என்றால் எத்தனை தலைமுறைக்கு முன்னாடி? பிறந்தது இங்கே, குலசாமி இங்கே, செத்த தாத்தா எல்லாரும் இந்தக் கண்மாய்க் கரையில்.

2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் என்று விழா நடத்தினார்கள். மதுரையிலிருந்து தனி ரயிலே விட்டார்கள். சோமநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு எல்லோரும் மதுரைக்குத் திரும்பினார்கள். பூர்வீகத்துக்குப் போகிறவர்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் எதுக்கு என்று அந்தப் பெரியவரைக் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை, பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான் தோன்றியது!

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தண்ணீர், சோறு, வீடு, அம்மா, வா, போ என்பதற்கு வேறு மொழியில் சொல் இருந்தால் தமிழ் எழுத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். பேர் போட வேண்டாம், மொழிப் பேரை மட்டும் போடுங்கள். தெலுங்குச் சொற்களை அப்பத்தாவிடம் கேட்டு நான் முதலில் எழுதிவிட்டேன். சௌராஷ்டிரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், கன்னடத்துக்கும் உருதுவுக்கும்கூட.

- 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி