வாசலில் நிற்கும் நூறு கிலோ

லிஃப்ட்டுக்கு லைசென்ஸ் உண்டு. கார் ஷெட் ஷட்டருக்கும் கேட்டுக்கும் கேட்பார் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு மேல் டெல்லியின் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் ஒரு விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. இழுத்து மூடிய ஷட்டர்களில் ஸ்டென்சில் வைத்து அடித்த 'ஷட்டர் ரிப்பேர்' என்ற இரண்டு சொற்கள், அதன் கீழே ஒரு போன் நம்பர். ஒரே ஷட்டரில் நான்கைந்து மிஸ்திரிகளின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டி போடும். கடைக்காரருக்கு அந்த எண் தேவை. ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டால் அன்றைய வியாபாரம் போச்சு. அதனால் சத்தம் கொஞ்சம் மாறினாலே ஆள் அனுப்பிவிடுவார்.

வீட்டுக்காரர்கள் கதை வேறு. கார் ஷெட்டின் ஷட்டர் கிறீச்சிட்டால் இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பார்கள். கேட் தண்டவாளத்தை விட்டு நகர்ந்தால் வாட்ச்மேன் தோளால் முட்டித் தள்ளுவார். பல வருடங்கள் இப்படியே ஓடிவிடும். பிறகு ஒருநாள் நாளிதழின் நகரப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி: விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் மீது கேட் சரிந்தது. டெல்லி, மும்பை, பெங்களூர் என ஊர் மாறும், செய்தி மாறுவதில்லை.

டெல்லியிலும் குர்காவிலும் பழைய தனி வீடுகளை இடித்து எழுப்பும் கட்டடங்களில் தரைத்தளம் முழுக்கக் காருக்கு. மேலே ஒரு மாடிக்கு ஒரு குடும்பம். தெருவைப் பார்த்து ஒரு பெரிய இரும்பு கேட், பணம் இருந்தால் அதற்கு மோட்டாரும் ரிமோட்டும். அதே கட்டடத்தில் உள்ள லிஃப்ட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் பம்பாய் லிஃப்ட் சட்டம் முதல் உத்தரப் பிரதேசம் 2024இல் கொண்டுவந்த சட்டம் வரை ஒவ்வொரு மாநிலமாக இதில் அக்கறை காட்டியிருக்கிறது. கேட்டுக்கு அந்த யோகம் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஷட்டர்களுக்கு ஐ.எஸ். 6248 என்று ஒரு தரம் வகுத்திருக்கிறது. ஆனால் அது ஷட்டரை எப்படிச் செய்ய வேண்டும் என்பது பற்றியது. பத்து வருடம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

பக்கவாட்டில் தள்ளும் கேட்டின் எடையைப் பலர் யோசிப்பதே இல்லை. பன்னிரண்டடி நீளம், ஆறடி உயரம், இரண்டு மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக்கொண்டால் தகடு மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். சட்டமும் குழாயும் அலங்காரக் கம்பிகளும் தனி. இவ்வளவு கனத்தையும் தாங்குவது கீழே உள்ள இரண்டு சக்கரங்கள். ஆனால் கேட் நேராக நிற்பதற்குக் காரணம் சக்கரமல்ல. மேலே இருபுறமும் பிடித்திருக்கும் சின்ன உருளைகள். தண்டவாளத்தின் இரு முனைகளிலும் ஸ்டாப்பர் என்ற இரும்புத் துண்டு ஒன்று பற்ற வைக்கப்பட்டிருக்கும். வேகமாகத் தள்ளிய கேட் அந்த உருளைகளைத் தாண்டி ஓடிவிடாமல் தடுப்பது அதுதான். மழைநீர் தேங்கும் இடத்தில் ஸ்டாப்பர் துருப்பிடித்து விழும், அல்லது காரை உள்ளே விட இடைஞ்சல் என்று யாராவது வெட்டி எடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு கேட் நிற்பது தள்ளுகிறவரின் நிதானத்தில்தான்.

பெரும்பாலும் தள்ளுகிறவர் வாட்ச்மேன். பல கட்டடங்களில் அவர் குடும்பமும் கார்களுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருக்கிறது. அவர் குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம் கார் நிறுத்துமிடம்; ஊஞ்சல், அந்தக் கேட். கீழ்க்கம்பியில் ஏறி நின்று, இன்னொரு பிள்ளை தள்ள, சவாரி போவது அவர்களுக்குப் பெரிய குஷி. கேட்டின் நிலையைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. மெதுவாகக் கடைசிவரை தள்ளி இரு முனைகளிலும் அது எதில் முட்டி நிற்கிறது என்று பார்த்தால் போதும். எதிலும் முட்டவில்லை என்றால் அன்றே வெல்டரைக் கூப்பிட வேண்டியதுதான். அதுவரை கேட்டை நகர்த்தாமல் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சுருண்டு ஏறும் ஷட்டரில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. எட்டடி அகல ஷட்டர் ஏறத்தாழ 50 கிலோ. அதை ஒருவர் ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால், மேலே மூடிக்குள் இருக்கும் பைப்பில் சுற்றிய ஸ்பிரிங்குகள்தான் காரணம். ஷட்டர் இறங்க இறங்க அவற்றில் முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்கு நம்மோடு சேர்ந்து தூக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஷட்டர் கனக்கத் தொடங்கும். இடுப்பளவு உயர்த்திக் கையைத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல ஷட்டர் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். மடமடவென்று இறங்கினால் ஸ்பிரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சோதிக்கும்போது கால் விரல்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும்.

அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் ஒரு வீரர் புறப்படுகிறார், ஸ்டூலும் ஸ்பேனருமாக. பைப்பின் ஓரத்தில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் போதும், உள்ளே அடங்கியிருக்கும் முறுக்கு முழுவதும் ஒரு நொடியில் வெளியேறும். பைப் சுழலும், ஸ்பேனர் பறக்கும். விரல்களும் முகமும் அதற்கு எதிரே இருக்கும். தொழில் தெரிந்த மிஸ்திரிகூட ஆள் துணையில்லாமல் முறுக்கை இறக்கக் கூடாது. கார் ஷெட்டில் கூரையை ஒட்டி மடங்கிச் செல்லும் வெளிநாட்டு பாணிக் கதவுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றின் ஸ்பிரிங்குகள் சாதாரணமாக 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் கூடாது. பக்கத்துச் சேனல்களில் கிரீஸை அப்பினால், கோடையில் ராஜஸ்தானிலிருந்து வரும் புழுதிக் காற்று அதில் ஒட்டி உப்புக் காகிதம் போலாகிவிடும். சேனலைத் துணியால் துடைத்து, ஒட்டாத சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். மும்பையிலும் கொச்சியிலும் பிரச்சினை புழுதியல்ல, உப்புக் காற்று. அங்கே துரு முதலில் பிடிப்பது தரையைத் தொடும் அடித்தகட்டை.

மோட்டார் வந்த பிறகு சங்கதி இன்னும் சிக்கலாகிறது. கையால் இழுப்பவர் கீழே குழந்தை இருந்தால் நிறுத்துவார். மோட்டாருக்குக் கண் வைத்தால்தான் தெரியும். கதவுகளின் கீழ் குழந்தைகள் சிக்கி இறந்த பிறகு அமெரிக்கா 1990இல் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1993 ஜனவரி முதல் அங்கே தயாராகும் வீட்டு கராஜ் மோட்டார்கள், இறங்கும் கதவு எதிலாவது முட்டினால் இரண்டு நொடிக்குள் திருப்பி மேலே ஏற்ற வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாங்குகிறவர் ரிமோட்டின் தூரத்தைக் கேட்கிறார், உத்தரவாதத்தைக் கேட்கிறார். முட்டினால் திரும்புமா என்று கேட்பவர் குறைவு. கேட்டு வாங்குவதோடு, மாதம் ஒருமுறை சோதிக்கவும் வேண்டும். கதவு இறங்கும் இடத்தில் நாலு சென்டிமீட்டர் கனமுள்ள மரக்கட்டையைப் படுக்க வைத்து மூடிப் பார்ப்பதே அந்தச் சோதனை. கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பாவிட்டால் மோட்டாரை அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். தரையிலிருந்து அரையடி உயரத்துக்குள் இருக்கும் மின்கண் சென்சாரின் கண்ணாடியைத் துடைப்பதும் இதில் சேர்த்தி. ரிமோட் குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருப்பது இன்னும் முக்கியம். இறங்கும் கதவுக்கடியில் யார் முதலில் ஓடுவது என்ற பந்தயம் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விளையாட்டு.

கரண்ட் போனால் மோட்டாரை விடுவித்துக் கையால் இயக்க ஒரு சாவியோ கயிறோ இருக்கும். அது எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், டிரைவருக்கும் வாட்ச்மேனுக்கும்கூடத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிபந்தனை: கதவு மேலே நிற்கும்போது அந்தக் கயிற்றை இழுப்பது விஷப்பரீட்சை. ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு அப்படியே தலையில் இறங்கும்.

மழைக்காலத்தில் இரும்பு கேட்டுக்கு இன்னொரு குணமும் வருகிறது. மோட்டாருக்கோ, கேட்டின் மேல் உள்ள விளக்குக்கோ போகும் வயர் உரசி, கேட் முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக் காலோடு தொடுபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல. பால்காரர், பேப்பர் பையன். அந்த இணைப்புக்கு எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

கடைத்தெரு ஷட்டரில் உள்ள அந்த எண்ணுக்குப் போன் செய்தால் மிஸ்திரி பெரும்பாலும் அன்றே வந்துவிடுவார், ஸ்கூட்டரில், தோளில் ஒரு சாக்குப்பையோடு. அவர் வரும்வரை ஷட்டர் தரையைத் தொட்டு இருக்கட்டும். காரைத் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம்.