பழையது பழுதா? புதியது தேவையா?



சென்ற ஞாயிறன்று நமது படிப்பகத்திலே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். சிறு நிகழ்ச்சிதான். ஆனால் அதற்குள்ளே ஒரு தொழிலாளியின் ஒரு மாத ஊதியம் அடங்கிக் கிடக்கிறது.

கடைசல் பட்டறையிலே வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, என் போன் செத்துப் போச்சு. பகல் ஒரு மணிக்கெல்லாம் சார்ஜ் இறங்கிடுது. ஒரு படம் எடுத்தா அரை நிமிஷம் அப்படியே நின்னுடுது. வாங்கி மூணு வருஷம்தான் ஆச்சு. கடையிலே போய்க் கேட்டேன். புதுசு இருபத்து நாலாயிரமாம். ரொக்கமே வேண்டாமாம், மாசம் ரெண்டாயிரம், பன்னிரண்டு மாசம். வட்டியே கிடையாதாம்!"

பக்கத்திலே பத்திரிகை படித்துக் கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். மில்லிலே முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். சட்டைப் பையிலிருந்து தமது கைபேசியை எடுத்துக் காட்டினார். மூலையிலே கீறல், முதுகிலே ரப்பர் பட்டை.

"ஒன்பது வருஷமா இருக்கு தம்பி. ஒரு குறையும் இல்லே. பென்ஷன் வந்துதான்னு இதுலேதான் பார்க்கிறேன். கரண்டு பில்லும் இதுலேதான் கட்டறேன். உங்க காலத்துச் சாமானெல்லாம் மூணு வருஷம்கூடத் தாங்கறதில்லே!"

இருவரிலே கைபேசியை மாற்ற வேண்டியவர் யார்? அங்கிருந்த அத்தனை பேரும் இளைஞரையே கை காட்டினார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் இரண்டு கருவிகளையும் வாங்கி உள்ளே பார்த்த பிறகு தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. மாற்ற வேண்டியவர் பெரியவர். மாற்றத் தேவையில்லாதவர் இளைஞர்!

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நோய் ஒன்று; கடைக்காரர் சொன்ன மருந்து வேறு!

கைபேசிக்குள்ளே இருப்பது லித்தியம் மின்கலம். ஒவ்வொரு முறை மின்சாரம் ஏற்றி இறக்கும்போதும் அது சிறிது தேய்கிறது. பெரும்பாலான கலங்கள் ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் தமது கொள்ளளவிலே ஐந்தில் ஒரு பங்கை இழந்து நிற்கும். நாள்தோறும் ஏற்றினால் மூன்றாண்டிலே ஆயிரம் முறை! தேய்ந்த கலம் சீக்கிரம் காலியாவது மட்டுமல்ல. படம் எடுப்பது போன்ற பளுவான வேலை வரும்போது கேட்ட சக்தியை உடனே தர இயலாமல் திணறுகிறது. கருவி தள்ளாடுகிறது. நாமோ, "போன் பழசாகிவிட்டது" என்கிறோம்!

இது என் கற்பனையல்ல. 2017 டிசம்பரிலே, பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்து போகாதிருக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்து வைத்ததாக ஆப்பிள் நிறுவனம் ஒப்புக் கொண்டது. மன்னிப்புக் கேட்டது. 79 டாலருக்கு மாற்றித் தந்த பேட்டரியை 29 டாலருக்கு மாற்றித் தந்தது. வாங்கியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லாத குற்றத்துக்காக 2020 பிப்ரவரியிலே பிரான்சு நாடு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு அமெரிக்காவிலே, வழக்குத் தொடுத்தவர்களுக்கு 50 கோடி டாலர் வரை தருவதாக அந்த நிறுவனம் சமரசம் செய்து கொண்டது. எத்தனை ஆயிரம் பேர், ஒரு பேட்டரியை மாற்றினால் தீரும் குறைக்காகப் புதுக் கருவியே வாங்கியிருப்பார்கள்? எண்ணிப் பாருங்கள்!

நமது இளந்தோழரின் நோயும் அதுவே. கூடவே இன்னொன்று. சேமிப்பிடத்திலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிரம்பி வழிந்தது. மாநாட்டுப் படங்கள், மேடைப் பேச்சுகள், விடியற்காலையிலே யார் யாரோ அனுப்பிய வணக்கப் பூக்கள்! மூச்சுவிட இடமின்றி எந்தக் கருவி ஓடும்? வேண்டாதவற்றை அழித்தோம். மறுநாள் பேட்டரியை மாற்றினார். செலவு 1,400 ரூபாய். கைபேசி பழையபடி ஓடுகிறது. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவதற்கு இன்னும் ஈராண்டு பாக்கியிருக்கிறது.

பாதுகாப்புப் புதுப்பிப்பு என்றேனே, பெரியவரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பூட்டுப் போட்ட வீடு, துருப்பிடித்த பூட்டு!

கைபேசி என்பது இன்று பேசும் கருவி மட்டுமல்ல. யு.பி.ஐ. 2016இலே வந்தது முதல் அது நமது பணப்பெட்டியும் ஆகிவிட்டது. பெட்டி என்றால் பூட்டு வேண்டும். பூட்டு என்றால் கள்ளச் சாவி செய்பவனும் இருப்பான். அவன் புதுச் சாவி கண்டுபிடிக்கும்போதெல்லாம், தயாரித்த நிறுவனம் பூட்டைத் திருத்தி அனுப்புகிறது. அதுவே பாதுகாப்புப் புதுப்பிப்பு. ஆனால் அது என்றென்றைக்கும் வருவதில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் நிறுவனம் கையை விரித்துவிடும். கருவி ஓடும், மணி அடிக்கும், படம் காட்டும். பூட்டு மட்டும் துருப்பிடித்துக் கொண்டேயிருக்கும்!

பெரியவரின் கைபேசியிலே கடைசிப் புதுப்பிப்பின் தேதியைப் பார்த்தோம். 2018! அதற்குப் பிறகு பூட்டை யாரும் தொடவில்லை. அந்தப் பூட்டை நம்பித்தான் அவருடைய ஓய்வூதியம் உள்ளே இருக்கிறது. "குறையே இல்லை" என்று அவர் சொன்னது பொய்யல்ல. குறை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. செயலிகளும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக் கொள்ளும். ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் வாட்சாப் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா?

ஆகவே தோழர்களே, மாற்றலாமா வேண்டாமா என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். அண்டை வீட்டாரின் கையிலிருப்பதைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் கைபேசியின் 'அமைப்புகள்' பகுதியைத் திறந்து, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். தேதி அண்மையது என்றால் பேட்டரியை மாற்றுங்கள், இடத்தைக் காலி செய்யுங்கள். தேதி ஆண்டுக்கணக்கிலே பின்தங்கியிருந்தால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் புதியதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

கடையிலே நின்று கேளுங்கள்!

பெரியவருக்காக நாங்கள் கடைக்குப் போனோம். விற்பனையாளர் அடுக்கினார்: "108 மெகாபிக்சல்! நான்கு கேமரா! எட்டும் எட்டும் பதினாறு ஜிபி ராம்!"

நாங்கள் கேட்டோம். நான்கு கேமராவிலே இரண்டு, எண்ணிக்கைக்காக ஒட்டிய 2 மெகாபிக்சல் கண்கள். எட்டும் எட்டும் என்பதிலே பின்னது நினைவகமே அல்ல. சேமிப்பிடத்திலிருந்து இரவல் வாங்கியது. அதன் வேகம் அசல் நினைவகத்துக்கு அருகிலே நிற்காது. 108 என்ற எண்ணும் அப்படித்தான். வழக்கமாகப் படம் எடுக்கும்போது பல புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி 12 மெகாபிக்சல் படமாகவே அது தருகிறது.

அலங்காரத்தை விலக்கிவிட்டு நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்? 2023 அக்டோபரிலே கூகுள் தனது பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியிலே சாம்சங் தனது எஸ்24க்கும் ஏழாண்டு என்று அறிவித்தன. அவை பணக்காரர் வாங்கும் கருவிகள் என்பீர்கள். 2024இலே வந்த, விலை குறைந்த ஏ16 5ஜி கருவிக்கும் சாம்சங் ஆறாண்டு தருவதாகச் சொன்னது. அதே விலையிலே ஈராண்டோடு கைவிடப்படும் கருவிகளும் கடையிலே இருக்கின்றன. ஒரே விலை, ஒன்றுக்கு ஆயுள் மூன்று மடங்கு! இதிலே ஒரு சூட்சுமமும் உண்டு. ஆண்டுக் கணக்கு, கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஆடித் தள்ளுபடியிலே பாதி விலைக்குக் கிடைப்பது, பாதி ஆயுள் முடிந்த பழைய சரக்காக இருக்கலாம்.

இரண்டாவது: சேமிப்பகம் எந்த வகை? இ.எம்.எம்.சி. என்றால் மெதுவானது, யு.எஃப்.எஸ். என்றால் வேகமானது. ஓராண்டுக்குப் பின் கருவி திணறுமா ஓடுமா என்பதிலே இதற்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாவது: திரை உடைந்தால் என்ன விலை? பேட்டரி மாற்ற என்ன விலை? பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரிலே உண்டா? மூன்று கேள்விகளையும் கேட்டதும் விற்பனையாளரின் வேகம் சற்றுக் குறைந்தது! ஆனால் பெரியவருக்குக் கிடைத்தது, அவர் கையிருப்புக்குள் அடங்கிய, ஆறாண்டு தாங்கும் கருவி.

பழைய கருவியைக் கைமாற்றி வாங்குவோர், *#06# என்று அழுத்தி அதன் 15 இலக்க எண்ணைப் பார்த்து, 'கே.ஒய்.எம்.' என்று ஆங்கில எழுத்திலே தட்டி, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் பொருளென்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். விற்பவர்கள், கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பதை முழுவதும் அழித்துவிட்டு விற்க வேண்டும்.

வட்டியில்லாத வட்டி!

இனி அந்த 'வட்டியே கிடையாது' என்னும் தவணை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இளந்தோழர் விசாரித்த கடையிலே ரொக்கமாகக் கொடுத்தால் 1,500 ரூபாய் தள்ளுபடி. 22,500க்குக் கருவி கையிலே. தவணைக்குத் தள்ளுபடி இல்லை, 24,000. அதன் மேலே செயலாக்கக் கட்டணம், வரி உள்பட 250. ஆக 24,250. வித்தியாசம் 1,750 ரூபாய். "நூற்றுக்கு எட்டுகூட இல்லையே" என்பீர்கள். ஆனால் 22,500 ரூபாய்க் கடனும் ஆண்டு முழுவதும் உங்களிடம் இருந்ததா? மாதந்தோறும் கழிந்து கொண்டே வந்ததல்லவா? சராசரியாகப் பார்த்தால் பன்னிரண்டாயிரம் சொச்சம்தான் கடன். அதற்கு 1,750 என்றால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினான்கு வட்டி! வட்டிக்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்கள், வட்டி போகவில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணங்களுக்குள் மறைந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்ததும் இதற்காகத்தான்.

போதாக்குறைக்கு, கைபேசி மீதான ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்கு 12இலிருந்து 18 ஆயிற்று. 24,000 ரூபாய்க் கருவியிலே வரி மட்டும் ஏறத்தாழ 3,660 ரூபாய். தேவையின்றி வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் இந்தத் தண்டத்தையும் சேர்த்தே கட்டுகிறோம்.

செய்த கைக்குத் திறக்க உரிமையில்லையா?

கைபேசி வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஸ்ரீபெரும்புதூரிலே நம் வீட்டுப் பிள்ளைகள் செய்கிறார்கள். 2006இலே அங்கே நோக்கியா ஆலை உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1 அன்று கதவடைத்தது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பின்னர் பாக்ஸ்கான் ஆலையிலே ஐபோன்கள் உருவாயின. 2021 டிசம்பரிலே, விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சென்றபோது, அந்தப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைக்கு வந்து போராடினார்கள். செய்யத் தெரிந்த கைகள் இங்கே உண்டு. பழுது பார்க்கத் தெரிந்த கைகளோ, சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிற்றூர்க் கடைத்தெரு வரை உண்டு. ஆயினும் உதிரிப் பாகம் கிடைக்காமலும், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியும் அந்தக் கைகளைக் கட்டிவைத்தால், "பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குங்கள்" என்ற பேச்சுத்தான் எஞ்சும்.

மாற்று வழி இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலே 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் நடப்பிலே இருக்கிறது. அதன்படி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியிலே நூற்றுக்கு 80 பங்கு கொள்ளளவு மிஞ்ச வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டு புதுப்பிப்புத் தர வேண்டும். முக்கிய உதிரிப் பாகங்கள் ஏழாண்டு கிடைக்க வேண்டும். அங்கே விற்க வேண்டுமானால் அந்த நிறுவனங்கள் இதற்குப் பணிகின்றன. இங்கே? 2022 டிசம்பரிலே பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கினார்கள். எந்தக் கருவி எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கத்தக்கது என்று மதிப்பெண் போடும் முறையை வகுக்க 2024இலே குழு அமைத்தார்கள். 2025 மே மாதம் குழு அறிக்கையும் தந்தது. அறிக்கை அலமாரிக்குரியதல்ல, பெட்டியின் மேலே அச்சாக வேண்டியது!

மாத்திரை அட்டையிலே காலாவதித் தேதி இருக்கிறது. பால் பாக்கெட்டிலே இருக்கிறது. ஒரு மாத ஊதியத்தை விழுங்கும் கைபேசிப் பெட்டியிலே, பாதுகாப்பு எந்த ஆண்டு வரை, பேட்டரி மாற்ற எத்தனை ரூபாய் என்ற இரண்டு வரி இருக்கக் கூடாதா? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். படிப்பகத்திலே, சங்கக் கூட்டத்திலே, தீர்மானமாகவே கேட்க வேண்டும்.

அதுவரையிலே, கடை வாசலை மிதிக்குமுன் உங்கள் கருவியைத் திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள். இளந்தோழர் பார்த்தார், 22,600 ரூபாய் மிச்சப்பட்டது. பெரியவர் பார்த்தார், அவருடைய ஓய்வூதியத்துக்குப் புதுப் பூட்டுக் கிடைத்தது.