ஆறு இறங்கும் படிகள்

ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையில், ஊரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண் காணப்படும். கடல் மட்டத்திற்கு மேல் அவ்வூர் நிற்கும் உயரம் அது. நேயர்களில் எத்தனை பேர் அதை நின்று படித்திருப்பீர்களோ, அறியோம். விருத்தாசலத்தின் உயரம் சுமார் 150 அடி. நமது மணிமுத்தாற்றின் குணம் முழுவதும் இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

மணிமுத்தாறு பிறக்கும் கல்வராயன் மலை 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. ஆனால் அங்கிருந்து கடல் வரை ஆறு ஒரே சீராக இறங்குவதில்லை. உயரத்தின் பெரும்பகுதியை மலைச்சரிவிலேயே, சில மைல்களுக்குள், தொலைத்துவிடுகிறது. விருத்தாசலம் வந்து சேரும்போது கையிருப்பு 150 அடிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலைக் காணவேண்டும். நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 30 மைல். மைலுக்கு ஐந்தடிக்கு மேல் இறக்கம் இல்லை. இளமையில் பிதிரார்ஜிதத்தைக் கரைத்துவிட்டு, முதுமையில் காசை எண்ணிச் செலவிடும் மனிதரைப் போன்றது ஆறு.

இறக்கம் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமக்கும் வலிமையும் குறையும். ஆகவே முதலில் பாறைத் துண்டுகளையும், பிறகு கூழாங்கற்களையும், அதன்பின் மணலையும், கடைசியில் வண்டலையும் ஆறு இறக்கி வைக்கிறது. நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளருக்கு இது புதிதன்று. களிமண்ணை நீரில் கரைத்து விட்டால், மணல் உடனே அடியில் தங்கும். மென்மையான களி மெல்லப் படியும்.

மலை தந்த மணலே கோடையில் நீரைக் காக்கும் பெட்டகம். நாம் சிறுவராயிருந்தபோது, முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். சென்ற கோடையில் மாணவர்களுடன் அதே துறையில் தோண்டினோம். இடுப்பளவு சென்றும் ஈரம் மட்டுமே கண்டோம். மணலை அள்ள அள்ள ஆற்றின் படுகை தாழ்கிறது. அதனுடன் கரையோரக் கிணறுகளின் நீரும் தாழ்கிறது. கடலுக்கு அருகிலோ, படுகை தாழ்ந்தால் உப்பு நீர் உள்ளே ஏற வழி பிறக்கும்.

சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தல வரலாறு. ஆற்றின் பொன்னாகிய மணலை இழந்துவிட்டு, நாம் எந்தக் குளத்தில் போய்த் தேடுவது?